அசைந்தால் அமுக்கவும்

சிஸ்டர் என் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். வயிற்றில் குழந்தை அசைந்தால் அமுக்க வேண்டும்; அவ்வளவுதான் கட்டளை. எது அசைவு, எது அசைவன்று என்பதற்கு ஒரு வரையறை இல்லை. எவ்வளவு நேரம் நீடித்தால் அது அசைவு என்று சொல்லவில்லை. இரண்டு அசைவுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தால் அவை இரண்டு, எவ்வளவு குறைந்தால் ஒன்று என்பதும் இல்லை. இப்படி ஒரு விவரக்குறிப்பை என் குழுவில் யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் உட்காரக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். வயிற்றின் குறுக்கே இரண்டு பட்டைகள். மேலே உள்ளது இறுக்கத்தை அளக்கிறது, கீழே உள்ளது இதயத்தைக் கேட்கிறது. பக்கத்து மேசையில் எந்திரம். அதன் வாயிலிருந்து கட்டம் போட்ட தாள், யாரும் அவசரப்படுத்த முடியாத ஒரு வேகத்தில், வெளியே நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த ஒலியை எல்லாரும் குதிரை ஓட்டம் என்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த மாவு மில்லில், அரைக்க ஒன்றும் போடாத நேரத்தில் வெறும் பட்டை மட்டும் சுழலும், அந்த ஓசை. ஓசை இருக்கிறது, ஆகையால் உயிர் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஐயம் வேறு. காலையிலிருந்து இது அசையவில்லை. அல்லது, சரியாகச் சொன்னால், அசைவு என்று நான் ஒப்புக்கொள்ளத் தக்கது எதுவும் நிகழவில்லை. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். சுருக்கமாகச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். அசையும்போது இதயத் துடிப்பு சற்று ஏறி இறங்க வேண்டும், அந்த ஏற்றம் தாளில் தெரிய வேண்டும். தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம். கோடு தட்டையாகவே போனால் ஸ்கேன் பார்த்துவிட்டு இன்றைக்கே எடுத்துவிட வேண்டியிருக்கும். "இன்னும் நாள் இருக்கே, டாக்டர்" என்றேன். "உள்ள இருக்கிறது பாதுகாப்பா, வெளிய இருக்கிறது பாதுகாப்பான்னுதான் பார்க்கணும்மா" என்றார். எடுத்துவிட வேண்டும். அலமாரித் தட்டிலிருந்து ஒரு பொருளை எடுப்பதுபோல. நுரையீரல் இன்னும் முற்றாத ஒன்றை, மூச்சு விடு என்று வெளியே இழுத்து வைப்பது.

தாளைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நான் அதற்கேற்ப உணரத் தொடங்குவேன். அளப்பவர் விடையைப் பார்த்துக்கொண்டு அளக்கக் கூடாது. மேற்கூரையைப் பார்க்கிறேன். ஒரு மின்விசிறி, அதன் ஓர் இறக்கை மட்டும் புதியது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் மேசையில் இருப்பேன், வகைப்படுத்திக்கொண்டு. எங்கள் நிறுவனம் நகரத்தின் மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஓர் அமைப்பை வடிவமைக்கிறது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மென்பொருள் முகவர். முகவர் என்றால் தனக்கென்று ஒரு பொறுப்பை வைத்துக்கொண்டு, தானே பார்த்து, தானே முடிவெடுக்கும் ஒரு சிறிய நிரல். தன் தொட்டியின் நீர்மட்டத்தை அது கவனிக்கும். குறைந்தால் அண்டைத் தொட்டியின் முகவரிடம் கேட்கும். அது கொடுக்கும், அல்லது மறுக்கும். மேலிருந்து ஆணையிடும் தலைமை எதுவும் கிடையாது. ஒவ்வொரு முகவரையும் வெவ்வேறு வெளியாட்கள் எழுதியிருக்கிறார்கள், உள்ளே திறந்து பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆகவே வெளியிலிருந்து, நடத்தையைக் கொண்டுதான் வகுக்க வேண்டும். தொட்டால் மட்டும் எதிர்வினை செய்பவை முதல் வகை. நாளைக்கு முகூர்த்த நாள், மண்டபங்கள் உள்ள தெருவில் தண்ணீர் அதிகம் தேவைப்படும் என்று முன்கூட்டிக் கணக்கிடுபவை அடுத்த வகை. பேரம் பேசுபவை ஒரு வகை, நேற்றைய பிழையிலிருந்து இன்று திருந்துபவை இன்னொரு வகை. முதல் வகையை நான் ஒருபோதும் மதித்ததில்லை. மட்டம் இறங்கினால் திற, ஏறினால் மூடு. இதற்கு ஒரு மிதவைப் பந்து போதாதா, முகவர் எதற்கு என்று கூட்டத்திலேயே கேட்டிருக்கிறேன். இப்போது, நாற்பதைத் தாண்டிய வயதில், மல்லாந்து கிடந்துகொண்டு, நான் கேட்பது அந்த முதல் வகையைத்தான். உனக்குத் திட்டம் வேண்டாம். பேரம் வேண்டாம். எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், அதற்கு வேண்டிய காலத்தை நான் பிறகு தருகிறேன். தொட்டால் சற்றுச் சுருங்கிக் காட்டு, போதும்.

இதோ. இல்லை. இடப்பக்கம், விலாவுக்குக் கீழே, உள்ளிருந்து யாரோ விரல்நகத்தால் சுண்டியதுபோல ஒன்று. கட்டைவிரல் பொத்தானின் மேல் சென்று நின்றது, அமுக்கவில்லை. குடலாக இருக்கலாம். காலையில் அச்சத்தில் இரண்டு இட்லியை மெல்லாமல் விழுங்கினேன். என்னுடைய நாடித்துடிப்பாகவும் இருக்கலாம். மல்லாந்து படுத்தால் வயிற்றின் பெரிய இரத்தக் குழாய் முதுகெலும்பின் மீது துடிப்பதை உணர முடியும் என்று படித்திருக்கிறேன். ஒருமுறை நடந்தால் அது நிகழ்ச்சி. அதே சூழலில் மறுமுறையும் நடந்தால்தான் நடத்தை. என் குழுவில் இதை மீறி ஒரு வரியையும் யாரும் பதிவு செய்ய முடியாது. தாமோதரன்கூட, அந்தக் குழுவில் எனக்குக் கீழே இருப்பவர், வீட்டில் என் கணவர், இதைச் சொல்லித்தான் என்னைச் சீண்டுவார்: "ஒன்னோட ரெண்டாவது தடவைக்காக மதுரையில அத்தனை தொட்டியும் தவம் கெடக்குது, மங்கை." கிடக்கட்டும். தவறாகப் பதிந்த ஒன்றை நம்பி ஒரு தெருவுக்கே தண்ணீர் இல்லாமல் செய்வதைவிடக் காத்திருப்பது மேல். மறுமுறை நடக்கட்டும், அமுக்குகிறேன். நடக்கவில்லை. மாவு மில் பட்டை சுழல்கிறது. முதல் குழந்தை உண்டானபோதும் இப்படித்தான், அது அசையும் பருவத்துக்கே வரவில்லை, ஆனாலும் அசைந்தது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். படித்தவள் சொல்கிறாளே என்று நம்பினார்கள். மறுநாள் ஸ்கேனில் பார்த்துவிட்டு அது நின்றுபோய்ச் சில நாள் ஆகிவிட்டது என்றார்கள். அப்படியானால் நான் உணர்ந்தது எதை? என் விருப்பத்தை. விருப்பத்துக்குக் கால் உண்டு, அது உதைக்கவும் செய்யும், அன்று தெரிந்துகொண்டேன். ஆகவே இம்முறை ஏமாறப்போவதில்லை. இந்தப் பொத்தானை நான் அமுக்கினால் அதன் பின்னால் ஒரு குழந்தை இருக்க வேண்டும், வேறு எதுவும் இருக்கக் கூடாது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சிஸ்டர் வந்தாள். மார்பில் குத்திய அட்டையில் மரிய ஜெனிட்டா என்றிருக்கிறது. வயது என்னில் பாதிதான் இருக்கும். "என்னக்கா இப்பிடி வெறச்சுப்போயிக் கெடக்கீங்க? பரேடுக்கா வந்திருக்கீங்க?" என்றாள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்து, பட்டையைத் தேடிப் பிடித்து மறுபடியும் இதயத்தின்மேல் வைத்தாள். ஒலி சிறிது நேரம் அறுந்து, மீண்டது. அந்தச் சிறிது நேரத்தில் நான் எங்கெங்கோ போய்வந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், "ஓடிப்போகல, இங்கனதான் இருக்கு" என்றாள். பிறகு பேச்சுக் கொடுத்தாள். "என்ன வேலக்கா பாக்குறீங்க?" "முகவர்களை வகைப்படுத்துற வேலை." "இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா? எங்க சித்தப்பாவும் அதேன். ஊர்ல ஒருத்தரும் அவரு மூஞ்சிக்கு நேரா வரமாட்டாங்க." "மனுஷங்க இல்லை, சிஸ்டர். கணினி நிரல். எது எப்படி நடந்துக்குதுன்னு பார்த்து, அது இன்ன வகைன்னு சொல்லணும்." "அம்புட்டுத்தானா? அதத்தானே நானும் பாக்குறேன்? ஊசியப் பாத்ததும் கத்துற பிள்ள ஒரு வக, குத்துன பெறகு கத்துற பிள்ள ஒரு வக, அம்மா அழுகுறதப் பாத்துட்டு அழுகுற பிள்ள ஒரு வக. சம்பளம் மட்டும் வேற." என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். குளிர்ந்த கையை வயிற்றின் இரு பக்கமும் வைத்து, தூங்குபவரின் தோளை அசைப்பதுபோல் லேசாக உலுக்கினாள். "எந்திரிங்க சார். ஸ்கூல் பஸ் வந்துருச்சு." இருவரும் காத்திருந்தோம். பட்டை சுழன்றது. "தூங்குதுபோல" என்றாள். எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய் என்று கேட்க நாக்கு எழுந்தது, கேட்கவில்லை. தூங்குகிறது என்பதும் ஒரு வகைதான். அதை அவள் இவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட்டாள், ஒரு சான்றும் கேட்காமல். வெளியே எங்கோ பார்த்து, "வீட்டுக்காரர ஏதாச்சும் ஜூஸ் வாங்கியாரச் சொல்றேன்க்கா, இனிப்பு உள்ள போனா முழிச்சுக்கிரும்" என்று போனாள்.

தாமோதரன் வந்தபோது கையில் சாத்துக்குடிச் சாறும் மறு கையில் தலைக்கவசமும் இருந்தன. ஆண்கள் வரக்கூடாத இடம். இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் நானே இழுத்துட்டுப் போயிருவேன் என்று ஜெனிட்டா எச்சரிப்பது திரைக்கு அந்தப் பக்கம் கேட்டது. "என்ன சொல்றார் நம்ம ஆளு?" என்றார். "ஒண்ணும் சொல்லலை." "ஒன்னய மாதிரி. கேட்ட ஒடனே பதில் சொல்லிட்டா கெத்து கொறஞ்சிரும்ல." நான் குடித்தேன். சாறு தொண்டையில் இறங்கிய குளிர்ச்சி வயிறுவரை போனது, அதற்குக் கீழே போனதா என்று தெரியவில்லை. அவர் தலைக்கவசத்தின் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், ஏற்றினார். பேச்சு ஒரு வகையைச் சேர்ந்தது, விரல்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. இத்தனை ஆண்டுகளில் இவரை நான் பேச்சால் வகுத்ததே இல்லை. வேடிக்கைப் பேச்சுக்குப் பின்னால் கண்ணாடி ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் எது எவ்வளவு தீவிரம் என்று தெரிந்துகொள்வேன். "நாலாம் தொட்டி அறிக்கையை அனுப்பிட்டியா?" என்று கேட்டார், வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்பதற்காக. "காலையிலேயே அனுப்பிட்டேன். அதோட முகவர் செயலற்றதுன்னு போட்டிருக்கேன். நாளைக்கு எடுத்துடுவாங்க." "சொல்லச் சொல்லக் கேக்கல பாத்தியா." "தாமு, அது ஒரு வாரமா ஒரு செய்தியும் அனுப்பலை. கேட்டா பதில் இல்லை." "தேவப்படல, மங்கை. பக்கத்துத் தொட்டி ரெண்டும் அது கேக்குறதுக்கு முன்னாடியே தண்ணிய விட்டுருதுக. வயிறு நெறஞ்சவன் எதுக்குக் கூப்பாடு போடணும்?" "நெறைஞ்சிருக்குன்னாவது ஒரு செய்தி அனுப்பலாமே." "எல்லாரும் ஒன்னய மாதிரி மீட்டிங் முடிஞ்சதும் குறிப்பு எழுதி அனுப்புவாங்களா?" அப்போது ஜெனிட்டா "சார்" என்றாள், ஓர் எழுத்தைக் கூட்டாமல் ஓர் எழுத்தைக் குறைக்காமல். அவர் போர்வை விலகியிருந்த என் பாதத்தைப் பிடித்தார். பட்டையும் கம்பியும் இல்லாத இடம் என்னிடத்தில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிவிட்டுத் திரும்பினார். "தாமு" என்றேன். நின்றார். "அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கிடுங்க. எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க." வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பார். இன்று தலையை மட்டும் அசைத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சான்று மாறவில்லை, காலையில் இருந்த தரவுதான் இப்போதும் இருக்கிறது. பேசாததை எந்த வகையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பேசாதது நிறைந்திருக்கலாம். பேசாதது உடைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே கோடு, ஒரே தட்டையான கோடு. இடையில் உள்ள வேறுபாடு நேரம் ஒன்றுதான், காத்திருந்தால் ஒன்று பேசும், மற்றது பேசாது. ஆனால் காத்திருப்பதால் கெட்டுப்போகக் கூடியது ஒன்று உள்ளே இருக்கும்போது எவ்வளவு காத்திருப்பது? இதற்கு விடை தெரிந்தவர் யாரும் என் துறையில் இல்லை. வளைகாப்பில் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கிவிட்டார்கள். அந்த ஓசை உள்ளே கேட்கும், பிள்ளை அதைக் கேட்டு வளரும் என்றார்கள். விசைப்பலகையில் இடிக்கிறது என்று இரண்டாம் நாளே கழற்றி வைத்தேன். நாள் முழுக்க ஒலித்துக்கொண்டிருப்பது தூண்டல் ஆகாது, அது வெறும் இரைச்சல் என்று விளக்கமும் சொன்னேன். அக்கா முறையுள்ள ஒருத்தி, "ஒனக்கு வௌக்கம் சொல்லத் தெரியாத விஷயம் ஒண்ணு வரட்டும்டி" என்றாள், சாபமாக இல்லை, வாழ்த்தாகத்தான். அந்த வளையல்கள் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. இருந்திருந்தால் கையை ஆட்டியிருப்பேனா? ஆட்டியிருப்பேன். யாரும் பார்க்காவிட்டால் ஆட்டியிருப்பேன். யாராவது பார்த்தாலும் ஆட்டியிருப்பேன் என்று இப்போது படுகிறது. மறுபடியும் அந்தச் சுண்டல், இம்முறை சற்றுக் கீழே, முன்பு வந்த இடத்தில் இல்லை. இடம் வேறு என்பதால் இது முன்னதன் மறுமுறை ஆகாது, இதுவும் தனி நிகழ்ச்சி, இதற்கும் ஒரு மறுமுறை வேண்டும். கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டேன். பழச்சாறு குடலை எழுப்பிவிட்டிருக்கும். தாளின் விளிம்பு மேசையிலிருந்து இறங்கித் தொங்கத் தொடங்கியிருக்கிறது. அவ்வளவு நீளத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறது அது.

ஜெனிட்டா வந்து தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்பு போன இடத்தில் இருந்தது அச்சம் அன்று, குழப்பம். "அக்கா, கொஞ்சங்கூட அசையலையா?" "அசைஞ்ச மாதிரி இருந்தது. உறுதியாச் சொல்ல முடியாது." "எத்தன தடவ?" "ரெண்டு, மூணு. ஆனா எதுவும் திரும்ப நடக்கலை." "திரும்ப நடக்கணுமா? எதுக்கு?" அவள் தாளை என் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள். பார்க்க மாட்டேன் என்று வைத்திருந்த தாளை இப்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீண்ட கோடு, ஏறக்குறையத் தட்டை. ஆனால் அங்கங்கே, வெகு சிறியதாக, மேசை விரிப்பில் விழுந்த மடிப்பைப் போல ஒரு மேடு. "இங்கன ஏறிருக்கு. இங்கனயும். நீங்க அமுக்கியிருந்தீங்கன்னா கீழ குறி விழுந்திருக்கும், இது அசைஞ்சு ஏறுனதுன்னு டாக்டருக்குத் தெரியும். குறியே இல்லாம இருக்கவும், சும்மா ஆடுன கோடு மாதிரி இருக்கு." "இது போதுமா?" என்று கேட்டேன். "பத்தாதுக்கா. ஏத்தம் சின்னது. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாத்துட்டு டாக்டரக் கூப்பிடணும்" என்றாள், பொய் சொல்லவில்லை, அதற்காக அவளை எனக்குப் பிடித்தது. "தோணுனா அமுக்குங்கக்கா. சரியா தப்பான்னு மெஷினு பாத்துக்கிரும்" என்று பொத்தானை என் விரல்களுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டுத் தாளை ஒழுங்காக மடித்து வைத்தாள்.

ஆக, அது பேசியிருக்கிறது. நான்தான் எழுதிக்கொள்ளவில்லை. ஒன்று, இன்னொன்று, இடம் மாறி இன்னொன்று. ஒவ்வொரு முறையும் நான் இதுவே மறுமுறை நடக்கட்டும் என்று கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருக்க, அது என் விதியை அறியாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. எந்த அறிவுள்ள உயிர் ஒரே இடத்தில் ஒரே விதமாக இருமுறை உதைக்கும்? தொட்டிக்குத்தான் அப்படி ஒரு கட்டாயம். நாலு சுவர் இல்லாத, ஒரே அறை கொண்ட, நாளுக்கு நாள் சுருங்கும் வீட்டில் அது திரும்பிப் படுக்கிறது. கையை எங்கே வைப்பது என்று தேடுகிறது. ஒருமுறை வைத்த இடத்தில் மறுமுறை இடமில்லை. நான் கேட்ட சான்று கொடுக்க முடியாதது. ஏமாறக் கூடாது என்றிருந்தேன், என்னிடம் நான் ஏமாறக் கூடாது என்று. அதற்காக இதனிடம் இவ்வளவு கண்டிப்பு. சரி. இனி எது வந்தாலும் உன் கணக்கில். அமுக்கினேன். ஏதோ புரண்டது, அமுக்கினேன். ஏதோ புரளப் போவதுபோல் இருந்தது, அதற்கும் அமுக்கினேன். எனக்கு ஒரு விக்கல் வந்தது. அது என்னுடைய விக்கல் என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் அதற்குள் நீயும் கொஞ்சம் அசைந்திருப்பாய் அல்லவா, அமுக்கினேன். குடலின் இரைச்சலை உனக்கே கொடுத்தேன், என் நாடியை உனக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எந்திரம் மெல்லிய 'டிக்' ஒன்றைச் சொன்னது. திரைக்கு வெளியே ஜெனிட்டாவின் குரல்: "அக்கா, உள்ள என்ன தந்தியா அடிக்கிறீங்க? தோணுனா அமுக்கச் சொன்னேன், தோண வச்சு அமுக்கச் சொல்லல." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் வயிறு குலுங்கியது, அதற்கு அமுக்கவில்லை. அத்தனை தூரம் இறங்கவில்லை.

பிறகு ஒன்றும் வரவில்லை. வெகுநேரம். கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை, உலுக்கக் கையில்லை, குடிக்கச் சாறில்லை. வெளியே தள்ளுவண்டி ஒன்று உருண்டு போனது. அது எனக்காகக் கொண்டுவரப்படும் வண்டி என்று நினைத்தேன், அது நிற்கவில்லை. திரையின் கீழே தாமோதரனின் செருப்பு தெரிந்தது, பிறகு தெரியவில்லை, துரத்தப்பட்டிருப்பார். குழந்தைக்குப் பெயர் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை நாங்கள். பெயர் வைத்தபின் நின்றுபோனால் அந்தப் பெயரை என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளாமலேயே ஒப்புக்கொண்டிருந்தோம். எதிர்ச்சுவரில், ஓர் ஆளின் கை எட்டாத உயரத்தில், ஒரு கொக்கி. எதை மாட்டுவதற்கு அங்கே அடித்திருப்பார்கள்? நாட்காட்டி என்றால் படிக்க முடியாது. குளுக்கோஸ் பாட்டில் என்றால் கட்டிலிலிருந்து தூரம். முன்பு கட்டில் அந்தப் பக்கம் இருந்திருக்கலாம். அல்லது சுவர்க்கடிகாரம், நேரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெண்கள் கலங்குகிறார்கள் என்று யாரோ ஒரு நல்ல மனத்தினர் அதைக் கழற்றியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும், கொக்கியைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டமாக வெளுத்திருக்கிறது, வட்டமான ஏதோ ஒன்று அங்கே நெடுநாள்

உதைத்தது. சுண்டல் அன்று, புரளல் அன்று. விலாவின் கீழ் விளிம்பில், மூச்சு ஒருகணம் அறுபடும்படி, ஒரு முழு உதை. தொடர்ந்து வலப்பக்கம் தோலைத் தூக்கிக்கொண்டு ஒரு மேடு எழுந்தது, குதிகாலோ முழங்கையோ, எழுந்து, அவசரம் ஏதுமின்றி, வீட்டுக்குள் நாற்காலியை நகர்த்துபவரைப் போல, பட்டையின் அடியில் புகுந்து இடப்பக்கம் நோக்கி நகர்ந்தது. யாரும் கேட்கவில்லை. சாறு குடித்து வெகுநேரம் ஆகிறது, குளிர்ந்த கை விலகி வெகுநேரம் ஆகிறது, நானும் அந்த நொடியில் இதை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. எந்தத் தூண்டலுக்கும் இது எதிர்வினை அன்று. தனக்கு வேண்டியிருந்தது, செய்தது. நான் என் அட்டவணையின் அடிமட்ட வகைக்காகக் கையேந்திக்கொண்டிருந்தேன். இதுவோ என் தொட்டிகளில் ஒன்றுகூட இதுவரை எட்டாத ஒன்றை, தானே தொடங்குவதை, ஒரு பொருட்டாகவே கருதாமல் செய்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. நகர்ந்த மேட்டின்மேல் ஒரு கையை வைத்தேன், அது தப்பித்துப் போன இடத்தில் மறு கையை வைத்தேன். உள்ளிருந்து ஒரு சிறிய, உருண்டையான கெட்டி, உள்ளங்கையின் குழிவில் வந்து அமர்ந்தது, தள்ளியது, நான் விட்டுக்கொடுக்கவில்லை, அதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. மாவு மில்லில் யாரோ தானியத்தைக் கொட்டிவிட்டார்கள். பட்டை வேகம் எடுத்தது, இன்னும் எடுத்தது.

"ஏறுது, ஏறுது, ஏறுது" என்று சொல்லிக்கொண்டே ஜெனிட்டா வந்துவிட்டாள். ஒலியைக் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். தாளை இரு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். ஏறியது மெல்ல இறங்கியது, உள்ளங்கையில் மறுபடியும் ஒரு தள்ளல், மறுபடியும் ஏறியது. "அடிப்பாவிப் பிள்ள, இம்புட்டு நேரம் எங்க போயிருந்த?" என்றாள் என் வயிற்றைப் பார்த்து. திரும்பி வெளியே, "சார், இருக்கீங்களா? உங்காளு முழிச்சாச்சு, தியேட்டரெல்லாம் வேணாம், வீட்டுக்குப் போறதுக்கு இது போதும்னுதான் டாக்டரு சொல்லுவாரு" என்று கத்தினாள். வெளியே தலைக்கவசக் கண்ணாடி ஏறி, இறங்காமல் நின்ற ஓசை வந்தது. அதன்பின் தாளின் அடியைக் கூர்ந்து பார்த்தவள் நிமிர்ந்தாள். "அக்கா, குறியக் காணோமே. அமுக்கலையா நீங்க? பொத்தான் எங்க?" பொத்தான் கட்டிலின் விளிம்பைத் தாண்டிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அமுக்கித் தள்ளிட்டு, வந்ததுக்கு அமுக்காம விட்டுருக்கீங்க. டாக்டரு என்னையத்தானே வைவாரு." பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, தாளைத் தலையணையின் மேல் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்கன ஆரம்பிச்சுச்சுன்னு நீங்களே ஒரு கோடு போட்டுருங்கக்கா. நீங்கதான் இதுல கரெக்டா இருப்பீங்களே." பேனாவைப் பார்த்தேன். என் பெயரில் போகும் எந்தப் பதிவிலும் வேறொருவர் கை பட நான் இதுவரை விட்டதில்லை. குழிவில் அமர்ந்திருந்த கெட்டி மெல்ல உருண்டு மறு பக்கம் திரும்பியது. கைகளும் கூடவே திரும்பின.

"கை ரெண்டும் வேலையா இருக்கு, சிஸ்டர். நீங்களே போட்டுக்குங்க" என்றேன்.